மாறுகாதுப் பட்டறையின் குதிரை

1987 செப்டம்பர் 16, புதன்: சென்னையிலிருந்து ரயிலில் விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் வந்து, அங்கிருந்து பேருந்தில் கள்ளக்குறிச்சியை அடைந்தோம். உடன் வந்தவர், அருங்காட்சியகப் படவரைஞர் திருமதி கமலா. மாலையில் தாலுகா அலுவலகத்தில் தகரக் குதிரை ஒன்றும் தகர வண்டி ஒன்றும் எங்களுக்குக் காட்டப்பட்டன.

செப்டம்பர் 17, வியாழன்: இடஒதுக்கீடு கோரிய சாலை மறியல் தொடங்கியது. நெடுஞ்சாலையில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. பேருந்துகள் ஓடவில்லை. எங்கள் திரும்பும் பயணம் ஒத்திவைக்கப்பட்டது.

செப்டம்பர் 18, வெள்ளி: குதிரையின் அடிப்பகுதியைச் சுத்தம் செய்யும் பணி தொடங்கியது.

செப்டம்பர் 22, செவ்வாய்: உரிமை கோரிய இருவரின் ஒப்புதலோடு அடித்தட்டின் மடிப்பு ஒன்று நிமிர்த்தப்பட்டது.

செப்டம்பர் 24, வியாழன்: கருத்துரை துணை தாசில்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த வாரத்தைப் பற்றி அலுவலகத்திற்கு நான் தந்த பயணக் குறிப்பு இவ்வளவுதான். அலுவலகத்திற்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. அந்த வாரத்தில் வட மாவட்டங்களில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அவற்றைப் பற்றிப் பேச உரியவர்கள் பேசியிருக்கிறார்கள். நான் ஒரு பொம்மையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதில் உள்ள பொருத்தமின்மை எனக்குத் தெரியாததன்று.

எழுதக் காரணம், உலோகப் பிரிவில் இப்போது பணியாற்றும் இளையவர்கள் சிலர் அண்மையில் என் வீட்டிற்கு வந்திருந்ததுதான். கையில் பிடிக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, என் வீட்டுப் பித்தளைச் செம்பின்மேல் வைத்துக் காட்டினார்கள். செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று அது நொடியில் சொல்லியது. நானும் மகிழ்ந்தேன். என் காலத்தில் அதற்குச் சுரண்டி எடுத்த துகளும் ஒரு பகல் நேரமும் வேண்டும். பிறகு ஒருவர் கேட்டார்: "இது இல்லாம, முத்திரையே இல்லாத ஜெர்மன் பொம்மைங்கள யார் செஞ்சதுன்னு எப்படி ஸார் சொன்னீங்க?"

கருவி தகரத்தைச் சொல்லும். அதை மடித்தவரைச் சொல்லாது. இதை அவர்களிடம் சொன்னபோது விளக்கமாக எழுதித் தரும்படி கேட்டார்கள்.

வேதியியலில் முதுகலை, வெள்ளீய அரிப்பு குறித்து முனைவர் பட்டம், நியூரம்பர்க் நகரில் ஓராண்டு உதவித்தொகைப் படிப்பு: என் பயிற்சிக் காலத்தை இந்த ஒரு வாக்கியத்திற்குள் அடக்கிவிடலாம். அருங்காட்சியகத்தில் நான் சேர்ந்த காலத்தில், ஜமீன் குடும்பம் ஒன்று இரண்டு அலமாரி நிறையத் தகரப் பொம்மைகளை வழங்கியிருந்தது. நீராவிக் கப்பல், மோட்டார் கார், மேளம் அடிக்கும் கரடி, ஏணியில் ஏறும் தீயணைப்பு வீரன். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னும் பின்னும் ஜெர்மனியில் செய்து, கப்பலில் வந்து, சென்னைக் கடைகளில் விற்றவை. இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியதைத்தான் நாம் பேச்சில் தகரம் என்கிறோம். பெரிய தொழிற்சாலைகள் அதில் தங்கள் முத்திரையைப் பதித்தன. சிறு பட்டறைகள் பதிக்கவில்லை. அவற்றுக்கு வாங்கி விற்ற மொத்த வியாபாரியின் பெயர் அட்டைப்பெட்டிமேல் இருக்கும். குழந்தை முதலில் கிழிப்பது அட்டைப்பெட்டியைத்தான்.

கற்சிலைப் பிரிவினர் எங்களைப் 'பொம்மைக் கடை' என்பார்கள். காலையில் மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "இன்னிக்கு சாவி குடுத்தாச்சா, டாக்டர்?" என்று கேட்பது ஒரு வழக்கமாகவே இருந்தது.

எங்கள் பிரிவின் தலைவர் திரு. கோதண்டபாணி. செப்புத் திருமேனிகளில் ஆழ்ந்த அறிவுடையவர். அந்த அலமாரிகளையும் அதே முறையில்தான் அணுகினார். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நகம் வெட்டிக்கொள்வார். எங்களையும் வெட்டச் சொல்வார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஒரு பீங்கான் தட்டில் வைக்க வேண்டும். மேசைமேல் வெளுத்த மல் துணி விரித்திருக்கும். பொம்மை அதன்மேல் எப்போதும் தலைகீழாகத்தான் வைக்கப்படும். கடைநிலை ஊழியர் உட்பட எல்லோரையும் 'ஸார்' என்றே அழைப்பார். குரல் உயர்ந்ததில்லை. ஆனால், ஒரு பொம்மையை எடுத்தவுடன் 'அழகாக இருக்கிறது' என்று சொன்னவருக்கு அன்று முழுவதும் அந்தப் பொம்மை கிடைக்காது.

"மூஞ்சிய அப்புறம் பாக்கலாம், ஸார். அது வாங்கறவங்களுக்காகப் பண்ணது. அடிப்பக்கம் யாருக்காகவும் பண்ணல. அங்கதான் ஆள் இருப்பான்."

அவருடைய இரண்டாவது விதி, செய்தவர் யார் என்று கேட்கக்கூடாது என்பது. "யார் இல்லன்னு எழுதிக்கிட்டு வாங்க" என்பார். நாங்கள் ஒரு தாளில் 'இல்லை' வரிசை எழுதுவோம். இந்தத் தொழிற்சாலை இல்லை, ஏனெனில் அதன் சக்கரம் வார்ப்பு. இதன் சக்கரம் தகடு. அந்தப் பட்டறை இல்லை, ஏனெனில் அது சுருள்வில்லைப் பெட்டிக்குள் மூடும். இது திறந்து விட்டிருக்கிறது. வரிசை நீளும்வரை அவர் தலையை நிமிர்த்துவதில்லை. 'இருக்கலாம்' என்ற சொல்லை முதல் பக்கத்தில் எழுதியவர், தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போக வேண்டியதுதான்.

தகரப் பொம்மையில் ஆணி கிடையாது. ஒரு தகட்டின் விளிம்பில் சிறு நாக்குப் போன்ற நீட்சியை விட்டு, அதை இன்னொரு தகட்டின் பிளவில் நுழைத்து மடக்கிவிடுவார்கள். இந்த நீட்சியை எங்கள் பிரிவில் 'காது' என்போம். ஒரு பட்டறையில் காது அகலமாக இருக்கும். ஒன்றில் மடக்காமல் முறுக்குவார்கள். இன்னொன்றில் எல்லாக் காதுகளும் வெளிப்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். பெயர் தெரியாத பட்டறைகளுக்குக் கோதண்டபாணி இந்தப் பழக்கத்தை வைத்தே பெயர் சூட்டினார்: அகலக்காது, முறுக்குக்காது. அடுத்தடுத்த காதுகளை ஒன்று உட்பக்கமும் ஒன்று வெளிப்பக்கமுமாக மடித்த பட்டறை ஒன்று இருந்தது. எங்கள் அலமாரியில் அதன் கைவேலை மூன்று. மூன்றும் கையால் வண்ணம் தீட்டியவை. மூன்றும் போருக்கு முன்பே சென்னைக்கு வந்தவை. அதற்கு மாறுகாது என்று பெயர்.

கமலா எங்கள் பிரிவுக்குப் படவரைஞராக வந்தார். அவருக்கும் கோதண்டபாணி அடிப்பக்கங்களையே கொடுத்தார். பல மாதங்கள் கழித்து ஒருநாள், தலைவர் இல்லாத நேரத்தில் கமலா என்னிடம் சொன்னார்: "இந்த ஆபீஸ்ல எனக்கு ஒரு பொம்மையோட மூஞ்சியும் தெரியாது, ஸார். நாளைக்கு அது ரோட்ல எதிர்க்க வந்தா, படுத்துக் காமிச்சாத்தான் அடையாளம் தெரியும்." அப்போது நாங்கள் மணமாகாதவர்கள். பின்னர், கள்ளக்குறிச்சிப் பயணத்திற்கு முன்பே, அவர் என் மனைவியானார். அவர் மறைந்தபின் நான் எழுதும் முதல் கட்டுரை இது. அதைப் பற்றி இங்கே வேறொன்றும் எழுதப்போவதில்லை.

கள்ளக்குறிச்சி விவகாரம் இதுதான். கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர்க் கோயிலில், சாமியின் வாகனமாக ஒரு தகரக் குதிரை இருந்தது. சக்கரம் வைத்த அடித்தட்டின்மேல் நிற்கும் குதிரை. தட்டுக்குள் சாவி கொடுத்தால் ஓடும் விசை. ஆடி மாதப் பூசையில் சாமை விதைக்குமுன் பூசாரி சாவி கொடுத்துக் கோயில் முன் பலகையில் அதை ஓட விடுவார். அது எந்தப் பக்கம் வளைந்து போகிறதோ அந்தப் பக்கத்துப் புன்செய்க் கொல்லையில் முதல் விதை விழும். அந்த ஆண்டு ஆடியில், திருக்கோவிலூரைச் சேர்ந்த வழக்கறிஞர் கிருஷ்ணமூர்த்தி நண்பர்களோடு மலைக்குப் போனவர் அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டார். அவர் வீட்டில் குதிரை இல்லாத தகர வண்டி ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு அவருடைய தந்தைக்காகச் சென்னையில் வாங்கியது. தந்தை சிறுவனாக இருந்தபோதே குதிரை காணாமற்போயிற்று. கடுக்காய் கொண்டுவந்து விற்ற மலைக்காரர் ஒருவர்மேல் அப்போதே சந்தேகம் இருந்ததாம். அந்த மலைக்காரர், இப்போதைய பூசாரி ஆண்டியின் தாத்தா.

ஆண்டியின் தரப்பு வேறு. மலையை அளக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது தாத்தா அவரைப் பார்த்துக்கொண்டார் என்றும், அவர் போகும்போது கொடுத்தது இக்குதிரை என்றும், அது போருக்கு முந்தைய காலம் என்றும் அவர் சொன்னார். சாட்சி யாரும் உயிரோடு இல்லை. வருவாய்த்துறை குதிரையைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே பட்டறையின் இணையா என்று எங்களிடம் கருத்துக் கேட்டது. இணை என்றால் குதிரை மலையேறாது. ஆண்டியின் தாத்தா திருடர் என்பதும் முடிவாகிவிடும்.

முதல் நாள் மாலை பார்த்தபோது இரண்டும் இணைதான் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. குதிரையின் உடல் இரண்டு பாதித் தகடுகளைச் சேர்த்துச் செய்தது. வண்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த குதிரைப் படம் அதே நிற்கும் நிலை, அதே பிடரி. வண்டியின் ஏர்க்கால் நுனியில் இருந்த கொக்கி, குதிரையின் விலாவில் இருந்த துளையில் இடைவெளியின்றிப் பொருந்தியது. வண்டியில் வண்ணம் முழுதாக இருந்தது. குதிரையில் ஒரு துளி வண்ணமும் இல்லை. வெள்ளீயமும் பெரும்பாலும் போய், கரும் இரும்பு பளபளத்தது.

"பெயின்ட் எங்க போச்சு?" என்று ஆண்டியைக் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த, நிதானமான மனிதர்.

"வெளக்கறோமில்லீங்க. புளியும் சாம்பலும் போட்டு."

"இதையா?"

"வெங்கலமுன்னு நெனச்சிக்கினு எங்க தாத்தன் காலத்துல இருந்து வெளக்கறோம். சாமி ஏர்ற குதிர அழுக்கா இருக்கலாங்களா? மொதல்ல செவப்பா இருந்துச்சாம். அழுக்கு போவ ஜாஸ்தி நாளாச்சுன்னு சொல்லுவாங்க."

வழக்கறிஞர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். "கேட்டீங்களா, ஸார்? எங்க வூட்டுப் பொருள் கைல இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்றவர், ஆண்டியின் இடுப்புக் கயிற்றைக் காட்டினார். அதில் ஒரு சிறு சாவி தொங்கியது. "திருடினவன் சாவியையும் சேத்து எடுத்திருக்கான் பாருங்க."

"வண்டி வச்சிருக்கறவருகிட்ட தானுங்களே சாவி இருக்கணும்?" என்றார் ஆண்டி, தரையைப் பார்த்தபடி. "உங்களாண்ட இன்னா இருக்குது?"

துணை தாசில்தார் சிரிப்பை அடக்கக் கோப்பு ஒன்றைத் திறந்துகொண்டார்.

மறுநாள் காலைப் பேருந்துக்கு முன்பே கருத்துரையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தோம். காலையில் பேருந்து இல்லை. சேலம் சாலையிலும் கச்சிராயபாளையம் சாலையிலும் புளியமரங்கள் குறுக்கே கிடப்பதாகச் சொன்னார்கள். விடுதியில் உப்புமாவைத் தவிர ஒன்றும் கிடைக்காது என்று அறிவித்துவிட்டார்கள். கருத்துரைத் தாளை எடுத்தேன். கமலா அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, 'இல்லை' வரிசை எங்க?" என்றார்.

எழுதவில்லை. குதிரையின் அடிப்பக்கத்தை இன்னும் பார்க்கவே முடிந்திருக்கவில்லை. மேலே புளிபோட்டு விளக்கியவர்கள் அடியில் கைவைக்கவில்லை. எண்ணெய், மஞ்சள், குங்குமம், கற்பூரப் புகை எல்லாம் பல ஆடிகளாகப் படிந்து, அடித்தட்டு முழுவதும் அரக்குப் போல இறுகியிருந்தது. அதற்கடியில் காதுகள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை.

மறியல் எங்களுக்கு நாட்களைக் கொடுத்தது. பாதிக் கதவு திறந்திருந்த பெயின்ட் கடையில் டர்பன்டைன் வாங்கினோம். துணை தாசில்தார் அலுவலகத்தின் பின்பக்கம் குடியிருந்ததால் அறையைத் திறந்துவிட்டார். பஞ்சை நனைத்து அடித்தட்டின் ஒரு விரலளவு இடத்தில் வைத்து, இளகும்வரை காத்திருந்து, மூங்கில் சீவலால் மெல்ல நெம்பி எடுப்பது, துடைப்பது, அடுத்த விரலளவு. இரும்புக் கருவி எதுவும் தொடக்கூடாது. நெம்பியதைப் பழைய செய்தித்தாளில் போட்டேன்.

"அத கீழ போட்டுடாதீங்க சாமி" என்றார் ஆண்டி. வெளியே போய் ஒரு தேக்கிலை பறித்துவந்து, அத்தனை துகளையும் அதில் சேர்த்துக் கட்டினார். "இது பூசதானுங்களே? மலைக்கு எடுத்துக்கினு போய்டறேன்."

"குதிரை வருதோ இல்லையோ, அழுக்கு போகுது மலைக்கு" என்றார் வழக்கறிஞர். ஆண்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வழக்கறிஞரும் திருக்கோவிலூருக்குத் திரும்ப வழியின்றி அதே விடுதியில் இருந்தார். ஆண்டி, கச்சிராயபாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் நடந்தே வந்துவிடுவார். சாலை அடைபட்டிருக்கிறதே என்று கமலா கேட்டதற்கு, "மரம் பஸ்ஸுக்குத் தானுங்க குறுக்க. எனக்கு இன்னா?" என்றார். வேறு வேலை இல்லாததால் இருவரும் நாள் முழுவதும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வழக்கறிஞர் தன் வெற்றிலைப் பெட்டியை முதலில் தன் பக்கம் வைத்திருந்தார். பிறகு அது நடுவில் இருந்தது.

அவரைப் பற்றித் தவறாக எண்ணிவிடக் கூடாது. குதிரையின் மதிப்பு அவருக்குப் பொருட்டன்று. "எங்கப்பா சாவற வரைக்கும் அந்தக் குதிரையப் பத்திப் பேசினாரு, ஸார்" என்று ஒருநாள் மதியம் சொன்னார். "அவ்வளோ பெரிய வக்கீலு. கோர்ட்ல நின்னா ஜட்ஜே எழுந்துக்கணும்போல இருக்கும். இத மட்டும் சின்னப் புள்ளயாட்டம் சொல்லுவாரு."

திங்கட்கிழமை, அடித்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் வெளிப்பட்டது. அஞ்சலகத்திலிருந்து கோதண்டபாணிக்கு டிரங்க் கால் போட்டேன்.

"சௌக்கியமா, ஸார்? அங்க கலாட்டானு பேப்பர்ல பார்த்தேன். கமலா ஸார் சௌக்கியமா?" என்றார். அவர் கமலாவையும் அப்படித்தான் அழைப்பார். "சொல்லுங்க. யார் யார் இல்ல?"

நான் வரிசையைப் படித்தேன். கடைசியில், "காதுகள் மாறி மாறி மடிஞ்சிருக்கு" என்றேன்.

அந்தச் சொற்களை அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். "புளி போட்டதுல பெயின்ட் இல்லன்னு சொன்னீங்க. காதுக்கடியில புளி போயிருக்காது. ஒண்ணை நிமித்திப் பாருங்க. ஒடைஞ்சா ஒடைஞ்சதுன்னு எழுதிடுங்க."

இளையவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்ணத்தை அச்சிட்ட தகட்டை வெட்டிச் செய்யும் பட்டறையில், வண்ணம் முதலில், மடிப்பு பிறகு. ஆகவே காதுக்கடியிலும் வண்ணம் இருக்கும். பொம்மையை முடித்துவிட்டுக் கையால் தீட்டும் பட்டறையில், மடிப்பு முதலில், வண்ணம் பிறகு. ஆகவே காதுக்கடியில் வெறும் வெள்ளீயம் இருக்கும். கிருஷ்ணமூர்த்தியின் வண்டி அச்சிட்ட தகடு. அதன் காதுகள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்திருந்தன; அவற்றுக்கு அடியில் வண்ணம் ஓடியிருப்பது விளிம்பிலேயே தெரிந்தது. குதிரைக்கு ஒரு காதையாவது திறக்க வேண்டும். ஆனால், பழைய தகரத்தில் ஒருமுறை மடிந்த காதை மறுமுறை அசைத்தால் அது பெரும்பாலும் முறிந்துவிடும்.

இருவரையும் வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். ஆண்டி குனிந்து அடித்தட்டைப் பார்த்தார்.

"காது ஒடைஞ்சா குதிர ஓடுங்களா?"

"ஓடும். ஆனா ஊனம்."

"இல்லன்னா உங்களால இன்னா சொல்ல முடியும்?"

"ரெண்டும் ஒரே பட்டறை இல்லன்னு நெனைக்கறேன்னு சொல்லலாம். அடிச்சுச் சொல்ல முடியாது."

"நெனைக்கறதெல்லாம் எனக்கு வேணாங்க. எங்க தாத்தனப் பத்தி எல்லாரும் நெனச்சிக்கினுதான் கெடந்தாங்க. தொறங்க."

"இருய்யா" என்றார் வழக்கறிஞர். "என் பொருள ஒடைக்க நீ எப்பிடி உத்தரவு குடுக்கற?"

"உங்களுதுன்னு முடிவாயிட்டா அப்பறம் எதுக்குங்க தொறக்கறாங்க?"

எதிர்த்தரப்பில் இப்படி ஒருவரைத் தான் நீதிமன்றத்தில் கண்டதில்லை என்று வழக்கறிஞர் பின்னர் கமலாவிடம் சொன்னாராம். "சரி, ஸார். ரெண்டு பேருதுன்னு நெனச்சிக்கினு தொறங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரம் மேசையைப் போட்டோம். கமலா முதலில் அடிப்பக்கம் முழுவதையும் வரைந்து முடித்தார்; முறிந்தால் இருந்த நிலை தாளிலாவது இருக்க வேண்டும். பின் வரிசையில் மூன்றாவது காதைத் தேர்ந்தேன். மெல்லிய எலும்புத் தகட்டை அதன் நுனிக்கடியில் செலுத்தி, ஒரு மயிரிழை அளவு தூக்கி, நிறுத்தி, மறுபடி தூக்கினேன். கமலா உருப்பெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "போதும்", "இன்னும்" என்ற இரண்டே சொற்களைப் பேசினார். மற்ற இருவரும் மேசையின் இரு பக்கத்திலும் நின்றார்கள். மடிப்பின் வளைவில் ஒரு விரிசல் தெரிந்தது. "போதும்" என்றார் கமலா. நிறுத்தினேன். காது பாதி திறந்திருந்தது. முறியவில்லை.

அடியில் வெள்ளீயம், புதுத் தகரம்போல் ஒளிர்ந்தது. வண்ணம் இல்லை. காதின் விளிம்பைச் சுற்றி மட்டும், தூரிகை வந்து நின்ற இடத்தில், செம்பழுப்பாக ஒரு கோடு. ஆண்டியின் வீட்டார் 'மொதல்ல செவப்பா இருந்துச்சு' என்று சொல்லிவந்த நிறம் அதுதான்.

கமலா உருப்பெருக்கியை வழக்கறிஞரிடம் கொடுத்தார். அவர் குதிரையைப் பார்த்தார். தன் வண்டியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி குதிரையைப் பார்த்தார்.

"ஆனா அதே குதிரைதானே, ஸார்? படத்துல இருக்கறதே இதானே?"

அவருக்கு விளக்கினேன். குதிரையின் பாதித் தகடுகளை உருவச்சில் அழுத்திப் பல பட்டறைகளுக்கும் விற்றவர்கள் தனியாக இருந்தார்கள். குதிரையை வாங்கி ஒரு பட்டறை வண்டியில் பூட்டியது. இன்னொரு பட்டறை சக்கரத் தட்டில் நிறுத்தியது. விலாத் துளை இரண்டுக்கும் பொது. குதிரை ஒன்றுதான், செய்த கை வேறு. அவருடைய தந்தையின் குதிரை வண்ணம் அச்சிட்ட குதிரை. இது கையால் தீட்டியது. அவர் வண்டி சென்னைக்கு வருமுன்பே இப்படிக் கையால் தீட்டுவதை மாறுகாதுப் பட்டறை விட்டிருந்தது அல்லது அந்தப் பட்டறையே இல்லாமற்போயிருந்தது. வெள்ளைக்கார அதிகாரி கொடுத்தாரா என்பதை என்னால் சொல்ல முடியாது. இந்த வண்டியிலிருந்து போனதன்று என்பதை மட்டும் சொல்ல முடியும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப எங்கப்பாவோட குதிரை எங்க போச்சு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"எங்க தாத்தன் உங்க வூட்டுக்கு கடுக்கா கொண்டாந்தது நெசந்தானுங்க" என்றார் ஆண்டி. "வூட்டுக்காரம்மா மோரு குடுப்பாங்களாம். திடீர்னு ஒருநாளு வாசல்லயே நிக்க வச்சிட்டாங்களாம். ஏன்னு கடைசி வரைக்கும் தெரியாதுங்க அவருக்கு."

வழக்கறிஞர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஆண்டியின் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஓடுமா அது?" என்றார். ஆண்டி இடுப்புச் சாவியை அவிழ்த்து, நாலு திருப்புத் திருப்பி, மேசைமேல் விட்டார். குதிரை பிடிவாதமாக இடப்பக்கம் வளைந்து போய்த் துணை தாசில்தாரின் கோப்பு அடுக்கில் முட்டி நின்றது. "அங்கதான் இந்த வருசம் வெதைக்கணும்" என்றார் வழக்கறிஞர். அன்றே புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டார்.

கருத்துரையை ஒப்படைத்த அன்று, குதிரையைத் துணியில் சுற்றிக்கொண்ட பிறகும் ஆண்டி போகாமல் நின்றார்.

"செஞ்சவரு பேரு இன்னாங்க?"

அவர்கள் கோயிலில் ஆடிப் பூசையின்போது ஒவ்வொரு பொருளையும் எடுத்து வைக்கும்போது அதோடு தொடர்புடையவர்களின் பெயர்களை உரக்கச் சொல்வது வழக்கம். மணியைச் செய்தவர், வேலாயுதத்தை அடித்தவர், விளக்கைக் கொடுத்தவர். உயிரோடிருப்பவர் பெயரைச் சொன்னால் கூட்டம் 'நல்லா இருக்கணும்' என்னும். இறந்தவர் பெயரைச் சொன்னால் 'நின்னு காக்கணும்' என்னும். குதிரைக்குச் செய்தவர் பெயர் தெரியாததால், அந்த இடத்தில் இத்தனை காலமும் பேசாமல் நின்றுவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

பட்டறையின் உண்மைப் பெயர் எங்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். நாங்கள் வைத்திருக்கும் பெயரையும், அதை வைத்தவர் எங்கள் தலைவர் என்பதையும் சொன்னேன்.

"மாறுகாது ஆசாரி" என்று ஆண்டி இருமுறை சொல்லிப் பார்த்தார். "கண்டுபுடிக்கற வரைக்கும் இதையே சொல்லிக்கறோம். பேரு வச்ச அய்யா, காத தொறந்த நீங்க, படம் எழுதின அம்மா. அல்லாரு பேரையும் சொல்லணுங்க. தொட்டவங்க பேர உட முடியாது."

அடுத்த ஆடிக்குக் கமலாவும் நானும் மலைக்குப் போனோம். புளி போடக்கூடாது என்று சொல்வதற்காகத்தான் போனோம். உலர்ந்த துணியால் துடைக்கிறோம் என்றார்கள். ஜெர்மனியில் எங்கோ ஒரு சந்தில் காதுகளை மாற்றி மாற்றி மடித்த பெயர் தெரியாத மனிதர்களுக்கு, ஒரு மலையூர் முழுவதும் 'நின்னு காக்கணும்' என்றது. என் முனைவர் பட்ட விழாவில்கூட அத்தகைய நிறைவு எனக்கு வாய்த்ததில்லை. கமலாவின் பெயர் வந்தபோது கூட்டம் 'நல்லா இருக்கணும்' என்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இவங்களுக்கு என் மூஞ்சியும் தெரியுது" என்றார்.

சில ஆண்டுகளுக்குப் பின் கோதண்டபாணி காலமானார். அந்தச் செய்தியை மலைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கமலாதான் நினைவூட்டினார். அவரே கச்சிராயபாளையம் வரை போய், ஆண்டியின் உறவினர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அவ்வாண்டு ஆடியிலேயே கோதண்டபாணியின் பெயருக்கு உரிய சொல் மாறியது.

என் பணிக்காலத்தில் எத்தனையோ கருத்துரைகள் எழுதினேன். பெரும்பாலானவை கோப்புகளில் உள்ளன. ஒன்று மட்டும் ஆண்டுதோறும் மக்கள் வாயால் சொல்லப்படுகிறது. எனக்கு இது போதும்.

செய்யாமல் விட்ட பணிகள்:

மாறுகாதுப் பட்டறையின் உண்மைப் பெயரைக் கண்டறிதல். நியூரம்பர்க்கிலும் பக்கத்து ஃப்யூர்த்திலும் நான் பார்க்காத பழைய தொழிற்பதிவுகள் இன்னும் உள்ளன. இளையவர்கள் தொடரலாம்.

குதிரையின் பின் வரிசையில் மூன்றாவது காது பாதி திறந்தபடியே இருக்கிறது. விரிசலுக்கு அஞ்சி அதை மடக்கவில்லை. உரியவர் ஒருவர் அடியில் சிறு தாங்கு வைக்க வேண்டும்.

கமலா வரைந்த அடிப்பக்கப் படங்களை அளவு குறித்துப் பிரிவிடம் ஒப்படைத்தல். பாதி முடிந்திருக்கிறது.

மலைக்குச் சொல்லியனுப்புதல். கமலாவின் பெயருக்கு அங்கே இன்னும் 'நல்லா இருக்கணும்' என்றுதான் சொல்லிவருகிறார்கள். போக வேண்டும். இரண்டு ஆடி கடந்துவிட்டது.